நோவாவும் மேக்கணக்கு லயமும்

மூனாமலைத் தோட்டம், மேக்கணக்குப் பிரிவு,
றக்வான.
2025 ஜூன் 3

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி ஹெப்சிபாவுக்கு,

அண்ணன் ஜெயசீலன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் கெஸியாவும் சுகமாயிருக்கிறோம். ஜப்பானில் குளிர் விட்டதா, பனியில் நடந்து இருமல் பிடித்துக்கொண்டாயா என்று அண்ணி கேட்கிறாள்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போன கிழமை ஃபோனில் பேசி என்ன ஆனது? நான் கத்தினேன், நீ பாதியில் வைத்துவிட்டாய். எழுத்தில் கத்த முடியாது. ஆகவே இந்த விஷயத்தை மட்டும் எழுதியே பேசுவோம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு பள்ளியில் நோவாவின் கதை நடத்தினேன். அப்பா மாணிக்கக் குழியிலிருந்து கொண்டுவந்த அந்தப் பெரிய கறுத்த பல்லை வழக்கம்போலக் கையில் தூக்கிக் காட்டி, "ஜலப்பிரளயத்தில் செத்த மிருகத்தின் பல்" என்றேன். என் மகள் கெஸியாவே எழும்பி நிற்கிறாள்.

"அப்பா, அத்தை சொன்னாங்க, ஒலகம் முழுக்க வெள்ளம் வரவே இல்லையாம். வந்திருந்தா அவ்வளவு தண்ணியும் பொறகு எங்க போச்சுன்னு கேட்டாங்க."

பிள்ளைகள் எல்லாம் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பின்வரிசை வாங்கில் இருந்த லில்லி அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். உபதேசியாரின் மகளே இப்படிக் கேட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வேன்?

நீ படித்ததில் எனக்கு உள்ள பெருமை உனக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளர் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்த பெண் பூமியைப் படிக்க ஜப்பான் போயிருக்கிறாள் என்று பஸ்ஸில் தெரியாத ஆளிடம்கூடச் சொல்வேன். ஆனால் படிப்பு வேதத்தைத் தின்ன வேண்டுமா?

கர்த்தர் உன்னைக் காப்பாராக. கோபமில்லாமல் முடிக்கிறேன் என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது.

அண்ணன்
ஜெயசீலன்

*

நீகாட்டா,
2025 ஜூன் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இருமல் இல்லை. இங்கே இப்போது மழைக்காலம், நம் ஊர் மழை மாதிரியே சத்தம் போடுகிறது. அண்ணிக்கு என் அன்பு. கெஸியாவைத் திட்டாதீர்கள். கேள்வி கேட்டது அவள் தப்பில்லை.

அப்பாவின் பல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது நீர்யானையின் பல். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளில் அப்படிப்பட்ட பற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. நம் நாட்டில் ஒரு காலத்தில் நீர்யானை இருந்தது, காண்டாமிருகம் இருந்தது. அப்பா தோண்டிய அந்தச் சரளைக்கல் படை, இல்லம் என்பார்களே, அது பழைய ஆறுகள் கொண்டுவந்து போட்டது. ஒரே மழையில் வந்ததல்ல. ஆறு இடம் மாறி மாறி, எத்தனையோ ஆயிரம் வருடங்கள் படிந்தது.

உலகத்து மலையெல்லாம் மூட அவ்வளவு தண்ணீர் பூமியில் இல்லை, அண்ணா. பெரிய ஆறுகள் இரண்டு ஓடும் ஒரு சமவெளியில் பயங்கரமான வெள்ளம் வந்திருக்கலாம். அங்கே இருந்தவர்களுக்கு அந்தச் சமவெளிதான் உலகம். தப்பியவர்கள் சொன்னதைப் பேரப்பிள்ளைகள் பெருக்கிச் சொன்னார்கள். நோவாவுக்கு முன்னமே அந்தப் பக்கத்துச் சனங்கள் வேறு பெயரில் இதே கப்பல் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் அப்பாவின் ஜெபத்தை நான் எட்டி உதைத்தது போல நீங்கள் பேசுகிறீர்கள். நான் அப்படிச் செய்யவில்லை.

கோபம் என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது. சரிக்குச் சரி.

உங்கள்
ஹெப்சி

*

மூனாமலை,
2025 ஜூலை 20

பிரியமுள்ள ஹெப்சி,

தேவ கிருபையால் சுகம். உன் கடிதம் கிடைத்த அன்று டவுனில் இருந்தேன். தேத்தண்ணிக் கடையிலேயே பிரித்துவிட்டேன். தலைவர் வேலுசாமி பக்கத்தில் இருந்ததை யோசிக்கவில்லை. அவரைத்தான் உனக்குத் தெரியுமே. தொழிற்சங்கத்தைத் தவிர வேறு எந்தக் கடவுளையும் கும்பிடாதவர். மாரியம்மன் திருவிழாவுக்குக்கூடக் கணக்குக் கேட்கத்தான் போவார். கடிதத்தைப் பிடுங்கி வாசித்துவிட்டுக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தார்.

"பாத்தீங்களா உபதேசியாரே, ஒங்க தங்கச்சியே சொல்லிருச்சு. கப்பலும் இல்ல, பிரளயமும் இல்ல. எல்லாம் துரைமார் நம்மள அடக்கி வைக்கச் சொன்ன கதை."

நான் விடவில்லை. "தண்ணி எவ்வளவுன்னு அளக்குறதுக்கா தலைவரே வேதம் இருக்கு?" என்று கேட்டேன்.

உன்னிடமும் அதையே கேட்கிறேன். வெள்ளக் கதை எல்லா நாட்டிலும் இருப்பது அது நடந்ததால்தானே? நீ என்ன சொல்வாய் என்று தெரியும். எல்லா நாட்டிலும் ஆறு இருக்கிறது என்பாய். சரி. ஆனால் கதை ஆற்றைப் பற்றியதா? மழை வருமுன் ஒருவனுக்கு எச்சரிப்பு காதில் விழுந்தது, அவன் எழும்பினான் என்பதைப் பற்றியது. அதை உன் எந்த மண்படை காட்டும்?

மற்றபடி விசேஷம் இல்லை. கோயில் கதவு நிலையில் உரசுகிறது. இரண்டு தரம் சீவியும் சரியாகச் சாத்த முடியவில்லை. பழைய பலகை.

ஜெபத்தில் உன் பெயரை விடவில்லை.

அண்ணன்

*

நீகாட்டா,
2025 ஆகஸ்ட் 13

அன்பு அண்ணா,

நான் நலம். இங்கே வெயில் கொளுத்துகிறது. உங்கள் கேள்விக்குப் பதில் யோசித்தேன். ஒரு மனிதன் முன்கூட்டியே எழும்பினான் என்பதை மண் காட்டாது. அதை ஒப்புக்கொள்கிறேன். அதைத் தலைவர் வேலுசாமியிடம் வாசித்துக் காட்டவேண்டாம்.

ஆனால் எனக்கு ஒரு கோபம் உண்டு. கதையில் நோவாவின் குடும்பம் தப்புகிறது, மற்றவர்கள் எல்லாம் சாகிறார்கள். அக்கம்பக்கத்தார் மூழ்க, கப்பலுக்குள் இருந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள் அல்லவா? சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். எனக்கு விசுவாசம் அன்றைக்கு விட்டுப்போனதுதான், நீர்யானையால் அல்ல.

வேறு ஒன்றும் இல்லை. சும்மா கேட்கிறேன். கோயில் கதவு எப்போதிலிருந்து உரசுகிறது? சுவரில் கீறல் ஏதும் தெரிகிறதா? லயத்துக்கு மேலே தேயிலை மலையில் மரங்கள் எல்லாம் நேராகத்தான் நிற்கின்றனவா? ஊற்றுப் பீலியில் தண்ணீர் எப்படி வருகிறது? படிப்புக்காகத்தான் கேட்கிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஹெப்சி

*

மூனாமலை,
2025 செப்டம்பர் 8

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

ஆண்டவர் நடத்துகிறார், குறையில்லை. நீ எழுதிய கோபத்தை மூன்று இரவாக மனதில் போட்டுக்கொண்டு திரிந்தேன். அப்பா பேச்சை மாற்றியதுபோல நான் மாற்ற மாட்டேன். பதில் எனக்கும் தெரியவில்லை.

டவுனில் சாலி ஹாஜியாரிடம் இதைச் சொன்னேன். அவர் கடையில்தான் இப்போதும் அரிசி எடுக்கிறோம். அவர்களுக்கும் நோவா உண்டு, நூஹு நபி என்பார்கள். ஹாஜியார் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நூஹு நபிட சொந்த மகனே கப்பல்ல ஏறல்ல, உபதேசியார். மலைல ஏறித் தப்பிக்கொள்றேன்டு சென்னாரு. மலைதான் காப்பாத்தும்டு நம்பினாரு. வாப்பா கூப்பிடக் கூப்பிட வரல்ல. அந்த வாப்பாட மனசு என்ன பாடுபட்டிருக்கும்?"

நம் வேதத்தில் இந்த மகன் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குள் அவன் நிற்கிறான். அந்தச் சத்தத்தை நோவா கேட்டார், ஹெப்சி. கேட்காதவராய் இருந்திருக்க மாட்டார்.

படிப்புக்குக் கேட்டாயே. கதவு மார்ச்சிலிருந்து உரசுகிறது. பலிபீடத்துச் சுவரில் கீறல் உண்டு, சுண்ணாம்பு பூசினோம், மறுபடி விட்டது. மேலே அல்பீசியா மரங்கள் நாலைந்து லயத்தைக் குனிந்து பார்ப்பது போலச் சாய்ந்திருக்கின்றன. பீலித் தண்ணீர் மழையில்லாத நாளிலும் கலங்கலாக வருகிறது, அண்ணிக்குத் துணி வெளுக்க முடியவில்லை என்று புகார். அதற்கும் மேலே தேயிலைக்குள் நீளமாய் ஒரு வெடிப்பு. பழைய மழைத்தண்ணீர்க் கான் தூர்ந்து இறங்கியிருக்கும் என்று கங்காணி சொன்னார்.

கர்த்தரின் சமாதானம் உன்னோடு இருப்பதாக.

அண்ணன்

*

நீகாட்டா,
2025 செப்டம்பர் 26

அண்ணா,

நலம் கேட்டு எழுதப் பொறுமையில்லை. கடிதம் கைக்கு வந்த நிமிடமே ஃபோன் எடுத்தேன். நீங்கள் எல்லாரும் உயிரோடு பேசினீர்கள், அது போதும். கட்டளையிடுவது போலப் பேசியிருந்தால் மன்னியுங்கள். பேசியதையே மறுபடி எழுதுகிறேன், மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டலாம்.

அது கான் இல்லை. கதவு உரசுவதும், சுவர் விடுவதும், மரம் சாய்வதும், பீலி கலங்குவதும், அந்த வெடிப்பும் எல்லாம் ஒன்றுதான். மலை மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. பெரிய மழை வந்தால் மெதுவாக இறங்காது.

வெடிப்புக்கு இரண்டு பக்கமும் முளை அடித்து நூல் கட்டுங்கள். நூல் விறைத்துக்கொண்டே போனால் என் பேச்சு சரி, தொய்வாகவே இருந்தால் நான் பொய்க்காரி. கிராம சேவகருக்கும் மண்சரிவு பார்க்கும் அதிகாரிகளுக்கும் சொல்லுங்கள். லயத்தில் யாரும் மழைநாளில் தங்கக்கூடாது. பழைய ஃபெக்டரி பாறைமேல் நிற்கிறது. அங்கே போகவேண்டும்.

இங்கிருந்து என்னால் ஒருவரையும் கைபிடித்து இறக்க முடியாது. உங்களால் முடியும். உங்கள் பேச்சைக் கேட்டுத்தானே நான் முதல்முதலில் பள்ளிக்கூடப் படி ஏறினேன்.

ஹெப்சி

*

மூனாமலை,
2025 அக்டோபர் 25

பிரியமுள்ள ஹெப்சி,

சுகம். முளை அடித்தாயிற்று, நூல் கட்டியாயிற்று. நூல் விறைக்கிறது. அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, நீ சொன்னதையே சொல்லி, மழை கடுத்தால் இறங்கிவிடுங்கள் என்று எழுதியும் கொடுத்தார். லயத்தாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பார்கள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பின்வாங்கில் உட்கார்ந்து ஆராதனை கேட்கிறேன். ஒரு மாறுதலுக்கு. முன்னே நின்று பேசியவனுக்குப் பின்னேயிருந்து கேட்பதும் நல்லதுதான்.

கெஸியா கணக்கில் முதலாவது வந்தாள். கவலைப்படாமல் படி.

அண்ணன்

*

மூனாமலை,
2025 நவம்பர் 5

அன்பான ஹெப்சிக்கு,

அண்ணி ஷாமிளா எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பழகியவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அண்ணன் உனக்கு எழுதியதைப் பார்த்தேன். "ஒரு மாறுதலுக்கு" என்று எழுதியிருந்தார். அது உண்மையில்லை. அவரைப் பிரசங்க மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

உன் கடிதம் வந்த அடுத்த ஞாயிறு நோவாவைப் பற்றிப் பேசினார். "நோவா ஜெபம் மட்டும் பண்ணிக்கிட்டு இருந்திருந்தா முங்கித்தான் போயிருப்பாரு. எழும்பி மரம் வெட்டினாரு. நம்மளும் எழும்பணும்" என்றார். லில்லி அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"இனிமே வெள்ளத்தால அழிக்க மாட்டேன்னு ஆண்டவர் வானவில்லக் காட்டி வாக்குக் குடுத்தாரே. அத நீங்க நம்பலையா உபதேசியாரே?"

"அந்த வாக்கு ஒலகத்துக்கு, அக்கா. மேக்கணக்கு லயத்துக்கு மலை எறங்காதுன்னு எங்கயும் எழுதல."

"அப்ப ஒலகம் முழுக்க வெள்ளம் வந்திச்சா இல்லையா? அதையாவது சொல்லுங்க!"

அவர் வேதாகமத்தை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "ஒரு நாட்டுல வந்திச்சோ ஒலகம் முழுக்க வந்திச்சோ, முங்கினவனுக்கு ரெண்டும் ஒன்னுதான்."

அவ்வளவுதான். தங்கச்சியின் படிப்பைப் பிரசங்கமாக்குகிறார் என்று குருவானவருக்கு முறைப்பாடு போனது. விசாரித்து முடியும்வரை பேசவேண்டாம் என்று சொல்லி, கோயில் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்.

வேலுசாமி அண்ணன் இன்னொரு பக்கம். லயத்து வாசலில் எல்லார் முன்னாலும், "துரை வீட்டு ஆளாயிட்டீங்களா? லயத்த விட்டு எறங்கினா திரும்பி ஏற விடுவானா? நமக்குன்னு ஒரு துண்டு நெலம் இல்லாத ஊர்ல இந்தக் காம்பராவையும் பறிக்கப் பாக்குறீங்களா?" என்று கேட்டார். அது அநியாயமான பயமில்லை என்று உன் அண்ணனே வீட்டுக்கு வந்து சொன்னார்.

சாமி கும்பிடுகிறவர்களும் ஏசுகிறார்கள், கும்பிடாதவர்களும் ஏசுகிறார்கள். மழை கறுத்தால் நாங்கள் மூவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பழைய ஃபெக்டரிக்கு நடக்கிறோம். பிள்ளைகள் பின்னால் கத்துகின்றன: "நோவா மாமா, கப்பல் எப்ப கெளம்புது?" அவர் திரும்பிப் பார்த்து, "ஒங்களுக்கும் எடம் இருக்கு, வாங்கடா" என்கிறார்.

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது, ஹெப்சி. இப்போது இல்லை. பாயைத் தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்துதான் நடக்கிறேன். இதை அவர் உனக்கு எழுத மாட்டார். அதனால் நான் எழுதினேன்.

சுகமாயிரு.

அண்ணி ஷாமிளா

*

நீகாட்டா,
2025 நவம்பர் 21

என் அண்ணாவுக்கு,

அண்ணி எழுதினார். அவரைக் கோபிக்கவேண்டாம்.

நான் இத்தனை மாதம் உங்களோடு வாதாடி வெல்லப் பார்த்தேன். என் பேச்சுக்காக நீங்கள் உங்கள் மேடையை இழந்திருக்கிறீர்கள். அதை என்னிடம் சொல்லக்கூட இல்லை. இங்கே என் பேராசிரியர், மலையைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியும், மலைக்குக் கீழே இருப்பவர்களை எழுப்பத் தெரிந்தவர்கள்தான் குறைவு என்பார். அப்படி ஒருவர் எனக்கு அண்ணன் என்று இன்று அவரிடம் சொன்னேன்.

வங்காள விரிகுடாவில் ஏதோ உருவாகிறது என்று வானிலைப் படங்களில் தெரிகிறது. இந்தக் கடிதம் வந்து சேருமுன் ஃபோனில் பேசியிருப்பேன். இருந்தாலும் இதை எழுத்தில் வைக்க ஆசைப்பட்டேன்.

உங்கள் தங்கச்சி என்பதில் பெருமையோடு,
ஹெப்சி

*

பழைய ஃபெக்டரி,
மூனாமலை.
2025 டிசம்பர் 15

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஹெப்சிபாவுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். இணைப்பு வந்ததும் அரை நிமிடம் பேசி அழுதுவிட்டு வைத்துவிட்டோம். இப்போது உட்கார்ந்து முழுவதையும் எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமைக்கு முதல்நாளே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் மூவரும், வயதுபோனவர்கள் இருந்த சில வீட்டாரும் ஃபெக்டரிக்கு வந்துவிட்டோம். மற்றவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். விடிந்ததும் மறுபடி மேலே ஏறினேன். கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தலைவர் வேலுசாமி எதிரே இறங்கி வந்தார். கையில் அறுந்த நூல்.

"இது நீங்க கட்டினது இல்ல," என்றார். "நீங்களே முளைய அசைச்சு வுடுறீங்கன்னு நெனச்சேன். அதுனால ஒங்களுக்குத் தெரியாம இன்னும் மேல போயி நானே ஒன்னு கட்டினேன். டெய்லி பாத்தேன். நேத்து விறைச்சு நின்னிச்சு. இப்ப அறுந்து கெடக்கு. வெடிப்புக்குள்ள என் கை போவுது, உபதேசியாரே."

"இப்ப என்ன தலைவரே?"

"எனக்கு ஒங்க ஆண்டவர் மேல நம்பிக்கை இல்ல. துரை மேலயும் இல்ல. இந்த நூல் மேல இருக்கு."

அவர் காமன்கூத்துக்கு அடிக்கிற தப்பை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனார். தப்புச் சத்தம் கேட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். "சட்டி பானை வேணாம். புள்ளைகளத் தூக்குங்க. காம்பரா போனா போராடி வாங்குவோம். ஆள் போனா யாரு போராடுறது?" என்று கத்தினார். சங்கத்துக் கூட்டத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஹெப்சி, சனங்கள் ஓடவில்லை. ஒருவர்மேல் ஒருவர் விழவில்லை. பெண்கள் கொழுந்து பறிக்கப் போகிற வரிசைபோல வரிசையாக இறங்கினார்கள். கொழுந்துக்கூடைக்குள் பச்சைப்பிள்ளைகள்.

அதுவரை நாங்கள் படுத்த வராந்தா எல்லாருக்கும் போதாது; துரை பங்களாவுக்குச் செய்தி அனுப்பி ஃபெக்டரியின் பெரிய மண்டபத்துச் சாவியைக் கேட்டோம். தாமதமானது. வேலுசாமி நேரே போனார். "சாவியத் தாங்க. இல்லாட்டிப் பூட்ட ஒடைப்போம். எதுன்னாலும் இப்பச் சொல்லுங்க," என்றாராம். சாவி வந்தது.

லில்லி அக்கா மட்டும் தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் வேதாகமம். "வாக்குக் குடுத்தவர் பொய்யர் இல்ல. நான் வரல்ல," என்றார். அந்த நேரத்தில் எனக்கு அந்த மகன்தான் நினைவுக்கு வந்தான், மலை காப்பாற்றும் என்றவன். விட்டுப்போக முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்தேன். மழையில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அக்கா, நோவா வானவில்ல எப்பப் பாத்தாரு?"

"வெள்ளம் வடிஞ்சு, கப்பல்ல இருந்து எறங்கின பொறகு."

"வெளிய நின்னுதானே பாத்தாரு? உக்காந்த எடத்துல இருந்துகிட்டு இல்லையே. மொதல்ல தப்பினாரு, பொறகுதான் வாக்கு. எழும்புங்கக்கா. நடந்து போயிப் பாப்போம்."

அவர் படியைப் பிடித்து எழும்பினார். பிறகு வேதாகமத்தைச் சேலைக்குள் செருகிக்கொண்டு, "நான் ஒங்க தங்கச்சி பேச்சுக்கு வரல்ல. வசனத்துக்கு வாறேன்," என்றார். "எதுக்குன்னாலும் வாங்க," என்று கையைப் பிடித்தேன்.

மண்டபத்தில் வேலுசாமி ஒவ்வொரு வீட்டுப் பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொரு வீடும் பதில் சொன்னது. பிற்பகலில் சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தோம். இடி நிற்கும், அது நிற்கவில்லை. அல்பீசியா மரங்கள் நின்றபடியே நகர்ந்து வந்தன. லயம் போனது. கோயிலும் போனது. என்னிடமிருந்து வாங்கிய சாவிக்கு இனிப் பூட்டில்லை. அப்பாவின் பல்லும் அங்கேதான் அலமாரியில் இருந்தது. யாரும் கதறவில்லை, ஹெப்சி. பிறகு யாரோ ஒரு குழந்தை பசிக்கிறது என்றது.

றோட்டு உடையுமுன் ஹாஜியார் லொறியில் அரிசி அனுப்பியிருந்தார். மறுநாள் கீழ்க் கிராமத்துச் சிங்களச் சனங்கள் இடுப்பளவு சேற்றில் பருப்பும் தேங்காயும் சுமந்து ஏறி வந்தார்கள்.

நீ அங்கிருந்து பார்த்தாய். நாங்கள் இங்கிருந்து நடந்தோம்.

ஸ்தோத்திரத்தோடு,
அண்ணன் ஜெயசீலன்

*

நீகாட்டா,
2026 ஜனவரி 7

அன்பு அண்ணா, அண்ணி, கெஸியா,

புது வருடத்தில் நீங்கள் மூவரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறீர்கள், வேறு நலம் கேட்கத் தேவையில்லை. இங்கே பனி முழங்கால்வரை.

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் ஜப்பானிய மொழியில் சொல்லிக் காட்டினேன். வேலுசாமித் தலைவர் தனக்கென்று தனியாக நூல் கட்டிய இடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். என்னைவிட அவர்தான் நல்ல விஞ்ஞானி, என்னையே நம்பாமல் பார்த்திருக்கிறார். அதை அவரிடம் சொல்லுங்கள்.

இணைப்பு அறுந்திருந்த நாட்களில் என்ன செய்தேன் என்று ஃபோனில் கேட்டீர்கள். ஜெபிக்கவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொரு வீட்டாரின் பெயரையும் வாய்விட்டுச் சொன்னேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நீங்கள் அதை ஜெபம் என்பீர்கள். நான் பெயர் என்கிறேன். இதில் இனி வாதம் வேண்டாம்.

ஒன்று மட்டும். கதையில் மற்றவர்கள் மூழ்கினார்கள் என்று எனக்கு இருந்த கோபம். நீங்கள் அந்த வாசற்படியில் உட்கார்ந்ததை வாசித்தபோது அது கொஞ்சம் இறங்கிற்று. முழுவதும் இல்லை.

உங்கள்
ஹெப்சி

*

மூனாமலை, தற்காலிகக் குடியிருப்பு,
2026 மார்ச் 22

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

தேவன் இரக்கமுள்ளவர். தகரக் கூரைக்குக் கீழே சூடுதான், ஆனாலும் சுகம். குருவானவர் வந்து, மறுபடி பேசும்படி கேட்டுக்கொண்டார். கோயில் இல்லை, மேடையும் இல்லை. பலா மரத்தடியில் நின்று பேசுகிறேன். முன்வரிசையில் லில்லி அக்கா.

வீட்டு நிலக் காணிக்காகச் சனங்கள் அரசாங்கக் கச்சேரிக்குப் போனார்கள். பழைய லயத்துக்குப் பதில் இன்னொரு லயம் வேண்டாம், பெயரில் உறுதிப் பத்திரத்தோடு நிலம் வேண்டும் என்று வேலுசாமி நின்ற இடத்தில் நிற்கிறார். கீழ்க் கிராமத்தாரும் கையெழுத்துப் போட்டார்கள். இன்னும் கிடைக்கவில்லை. யாரும் தலை குனிந்து கேட்கவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நீ சொன்னாயே, பேரப்பிள்ளைகள் பெருக்குவார்கள் என்று. பேரப்பிள்ளைகள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தப்பை அடித்தது வேலுசாமி இல்லை, தேவதூதன் என்று ஒரு வீட்டில் பேச்சு. வேலுசாமிக்கு மூக்கு நுனியில் கோபம். பிள்ளைகள் படம் வரைகின்றன, அதில் நாங்கள் ஆடுகளைச் சோடி சோடியாக இழுத்துப் போகிறோம். இருந்ததே ஒரு ஆடு.

மண் சரிந்த இடத்தில் ஒரு கல் நடத் தீர்மானித்தோம். அங்கேதான் பெரிய சண்டை. "கர்த்தர் காத்தார்" என்று வெட்டவேண்டும் என்று லில்லி அக்கா. மாரியம்மன் பெயரும் வேண்டும் என்று சிலர். "மனுசன் யோசிச்சான், தப்பினான்னு போடுங்க. சாமிய இழுக்காதீங்க," என்று வேலுசாமி. உன் பெயரை வெட்டவேண்டும் என்று கெஸியா. கூட்டம் மூன்று ஞாயிறு இழுத்தது. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வசனம் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதுவோம் என்றேன். நேற்று நட்டோம், தமிழிலும் சிங்களத்திலும்:

மேக்கணக்கு லயத்தார் இங்கே வாழ்ந்தார்கள்.
மலை இறங்குமுன் எழுந்து நடந்தார்கள்.
ஒருவரும் குறையவில்லை.

சனங்கள் ஒவ்வொருவராக வந்து வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டின. லில்லி அக்கா "எழுந்து" என்ற சொல்லைத் தடவிப் பார்த்து, எழுப்பினவர் யாரென்று எனக்குத் தெரியும் என்றார். வேலுசாமி "நடந்தார்கள்" என்பதைக் காட்டி, "கால் யாரோடது? நம்மளோடது," என்றார். இருவரும் முறைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வரியை எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாசித்தார்கள். அதில் யாருக்கும் வேறு அர்த்தம் இல்லை.

உன்னைப் பெற்ற லயத்தின் பெருமையோடு,
அண்ணன் ஜெயசீலன்